பழைய யந்திரத்தின்மேல் பழி

தூத்துக்குடித் துறைமுகத்தை அண்டிய கப்பல் ஏஜென்சிகளிலும் கிளியரிங் அலுவலகங்களிலும், சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் தலைமை அலுவலகத்துச் சர்வரோடு வி.பி.என். வழியாக இணைந்து வேலை செய்வோரிடையே, இணைப்பு மந்தமாகும் போதெல்லாம் தவறாமல் எழும் அபிப்பிராயம் ஒன்று உண்டு: "சிஸ்டம் பழசு, மாத்தினாத்தான் சரியாகும்." கன்டெய்னர் காத்திருக்க, ஆவணம் திரையில் நகராமல் நிற்கும்போது மனம் பதறுவது இயல்பே, ஆயினும் விசாரணையின்றி முதுமை ஒன்றையே குற்றமாக்கும் இத்தீர்ப்பு அநியாயமானது, சிறிய அலுவலகங்களை வீண் செலவில் ஆழ்த்துவது என்பதே என் துணிபு.

சோதித்த பிறகே தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. இங்கு நடந்த முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. அது நடந்த காலத்தில், கடலடியில் சிப்பிகள் வாழும் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, அவற்றில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்ட பிறகே சலாபம் உண்டா இல்லையா என்று அரசாங்கம் அறிவித்தது. கடலின் மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாத அந்த நிதானம் நமக்கு இப்போது வேண்டும்.

பழைய யந்திரத்தின் மீதுள்ள சந்தேகத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. வி.பி.என். வழியே செல்லும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் மறையாக்கம் பெற வேண்டும். அதற்குப் பெரிதும் பயன்படும் ஏ.இ.எஸ். முறைக்கென இன்டெல் நிறுவனம் தனிக் கட்டளைகளைப் பிராசஸரில் சேர்க்கத் தொடங்கியது 2010-இல்தான். அவை இல்லாத பிராசஸர் அதே கணக்கை மென்பொருளாலேயே போட்டுத் தீர்ப்பதால் களைத்துப்போவது உண்மை. ஆனால் களைத்ததா என்பதைப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும்? பெரிய கோப்பொன்றை நகலெடுத்துக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிரத்தியட்சமாகத் தெரியும்; வி.பி.என். மென்பொருளான ஓப்பன்வி.பி.என். பெரும்பாலும் ஒரே கோரில் உழைப்பதாகையால், நான்கு கோர் யந்திரத்தில் மொத்தம் 25 சதவீதம் என்று காட்டினாலும் ஒரு கோர் முழுதும் நிரம்பியிருக்கக்கூடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். அவ்வாறு நிரம்பியிருந்தாலும், தனிக் கட்டளைகளின் துணையின்றியே விரைந்து இயங்கும் சாச்சா20 முறை 2008 முதல் இருக்கிறது. அதைக் கையாளும் வயர்கார்டு என்னும் வி.பி.என். 2020-இல் லினக்ஸின் கருவிலேயே இடம் பெற்றுவிட்டது. முறையை மாற்றினால் தீரக்கூடிய குறைக்கு யந்திரத்தையே தள்ளிவிடுவது விவேகமன்று.

பிராசஸர் சும்மா இருக்கிறதென்றால் குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறான். பெயரளவில் 54 மெகாபிட் என்றிருந்து, நடைமுறையில் அதில் பாதியளவும் எட்டாத பழைய வைஃபையாக இருக்கலாம். கேபிளைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். டி.சி.பி.க்குள் டி.சி.பி.யை நுழைத்து, ஒரு பொட்டலம் தொலைந்தால் இரண்டு அடுக்குகளும் மறுபடி அனுப்ப முயன்று ஒன்றையொன்று தடுக்கும் அமைப்பாக இருக்கலாம்; யு.டி.பி.க்கு மாற்றினால் அது விலகும். 1500 பைட் எல்லைக்குள் மறையாக்கத்தின் மேலுறைக்கும் இடம் விடாததால் பொட்டலங்கள் உடைந்து செல்வதாக இருக்கலாம்; எம்.டி.யு. அளவைக் குறைப்பதே அதற்குப் பரிகாரம். அலுவலகக் காரியத்துக்குச் சம்பந்தமில்லாத இணையப் போக்குவரத்தும் மும்பை சென்று திரும்பும்படி அமைத்திருக்கலாம். இவற்றுள் எதையும் புதிய கம்ப்யூட்டர் தீர்க்காது. ஒளியிழைக்குள் ஒளியே விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடுகிறதென்றால், நூறு முறை போய்த் திரும்பும் வேலைக்குரிய காலத்தை எந்த யந்திரம் சுருக்கிவிடும்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தோடு எந்தக் கம்ப்யூட்டரையும் அலுவலக வலையில் விடலாகாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இயங்குதளத்தை மாற்றுவதற்கு அது தக்க காரணமே. ஆனால் அது பாதுகாப்பைப் பற்றிய நியாயம், வேகத்தைப் பற்றியதன்று.

ஆகையால், விலைப்பட்டியலைக் கையில் எடுக்கும் முன் ஒரே ஒரு சோதனையைச் செய்யுங்கள்: இரவல் வாங்கியேனும் ஒரு புதிய யந்திரத்தை அதே மேஜையில், அதே கேபிளில், அதே வேளையில் இணைத்து, அதே கோப்பை எடுத்துப் பாருங்கள். அதுவும் மந்தமாகவே ஓடினால், பழையதை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு இணைப்பைச் சீர்செய்யத் தொடங்குங்கள்.