கூடின சம்பளம் கடனுக்குப் போகட்டும்!

புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு தொழிலாளிக்கு மாதம் 800 ரூபாய் சம்பளம் கூடுகிறது என்று வையுங்கள். உடனே வீட்டில் பேச்சு எழும்: "தவணையில ஒரு பெரிய டி.வி. எடுத்துடலாமே!"

அவருக்கு வயது 54. வட்டிக்கு வாங்கிய 50 ஆயிரம் ரூபாய் கடன் கழுத்தை நெரிக்கிறது. நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. மாதம் ஆயிரம் ரூபாய் வட்டிக்கே போகிறது. அசல் அசையவில்லை!

கூடின 800 ரூபாயையும் சேர்த்து மாதம் 1,800 கட்டினால்? 41 மாதத்தில் கடன் தீர்ந்தது. 58 வயதுக்கு முன்பே ஆள் விடுதலை! வட்டி மட்டும் கட்டினால், அதே 41 மாதத்தில் 41 ஆயிரம் போன பிறகும் 50 ஆயிரம் கடன் அப்படியே நிற்கும்.

"விலைவாசி ஏறுதே, 800 எந்த மூலைக்கு?" என்பார்கள். நியாயம்தான். ஆனால் 2014-ல் மத்திய அரசு பி.எப். பென்ஷனுக்கு வைத்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அது மட்டும் கிடைப்பவருக்கு வட்டிக்கே சரியாகப் போய்விடும். அரிசிக்கு? மருந்துக்கு?

"பி.எப். பணம் வந்ததும் மொத்தமா அடைச்சுக்கலாம்" என்பதும் தப்புக்கணக்கு. அது கிழவனும் கிழவியும் கஞ்சி குடிக்க வேண்டிய பணம்.

சம்பளத்தன்றே கடனைக் கட்ட வேண்டும். "அசலில் வரவு" என்று எழுதி வாங்க வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிறதா என்று மாதாமாதம் கணக்குப் பார்க்க வேண்டும்.

டி.வி. காத்திருக்கும். வயசு காத்திருக்காது!