என்ஜினுக்கு ஒரு நியாயம்... நெஞ்சுக்கு ஒரு நியாயமா?



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று யோசித்தபடி கேன்டீன் வாசலில் நின்றிருந்தேன். கையில் ஒரு மிளகாய் பஜ்ஜி. பேப்பரில் எண்ணெய் ஊறி, அச்செழுத்து பஜ்ஜியில் ஒட்டியிருந்தது. ஒரு கடி கடித்தேன். தொண்டையில் காறல்!

"மாஸ்டர், இது என்னைக்கு ஊத்தின எண்ணெய்?"

"சாப்பிடறதுன்னா சாப்பிடு தம்பி. ஆராய்ச்சி எல்லாம் பண்ணாதே!"

சரி, அந்த ஆராய்ச்சியையே பண்ணிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நாம் மெக்கானிக்கல் மாணவர்கள். பைக்கில் இத்தனை கிலோமீட்டர் ஓடியதும் என்ஜின் ஆயிலை மாற்ற வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஆயில் கறுத்துவிட்டால், பிசுபிசுப்பு மாறிவிட்டால், "மச்சான், என்ஜின் போயிடும்டா" என்று பதறுகிறோம். ஆனால் வாணலியில் மூன்று நாளாகக் கறுத்துக் கிடக்கும் எண்ணெயில் பொரித்ததை மட்டும் கேள்வி கேட்காமல் விழுங்குகிறோம். என்ஜினை ரீபோர் செய்யலாம். இதயத்தை எந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொழுப்பு நம் எதிரி அல்ல. ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் அடிப்படையே கொழுப்புதான். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. அதனால் அளவு முக்கியம், அவ்வளவுதான். ஆனால் "கடலை எண்ணெய் நல்லதா, நல்லெண்ணெய் நல்லதா?" என்று பட்டிமன்றம் நடத்தும் நாம், அந்த எண்ணெய் எத்தனை தடவை கொதித்தது என்று மட்டும் கேட்பதே இல்லை!

வாணலிக்குள் என்ன நடக்கிறது?

பொரிக்கும்போது எண்ணெய் ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. மாவில் உள்ள தண்ணீர் கொழுப்பு மூலக்கூறை உடைத்து அமிலத்தைப் பிரிக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் இன்னொரு பக்கம் தாக்குகிறது. உடைந்த துண்டுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நீண்ட சங்கிலியாகின்றன. அதனால்தான் பழைய எண்ணெய் கெட்டியாகிறது, கறுக்கிறது, நுரைக்கிறது, சீக்கிரமே புகைகிறது. இப்படிச் சேரும் கழிவுகளை 'போலார் காம்பவுண்ட்ஸ்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இது இந்தியாவில் சட்டம். இத்தகைய எண்ணெயைத் தொடர்ந்து கொடுத்த எலிகளுக்கு ரத்த அழுத்தம் கூடியதையும், ரத்தக் குழாய்கள் கெட்டதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இன்னொரு ஆசாமி வனஸ்பதி. 1902-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் நோர்மன் என்பவர் காப்புரிமை பெற்ற முறை அது. நிக்கலை வினையூக்கியாக வைத்து எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்தினால் எண்ணெய் நெய் மாதிரி இறுகும். விலை மலிவு, நாள்பட்டும் கெடாது. முழுதாக இறுகாத அந்த அரைகுறை வேலையில்தான் 'டிரான்ஸ்' கொழுப்பு பிறக்கிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுவதோடு, நல்ல கொலஸ்ட்ராலையும் குறைக்கிறது என்று 1990-ல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் காட்டினார்கள். உலகில் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் இதனால் இதய நோயில் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் மதிப்பிட்டது. டென்மார்க் 2003-லேயே கட்டுப்படுத்தியது. நம் நாட்டில் 2021-ல் 3 சதவீதம், 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் என்று உச்சவரம்பு வந்தது. ஃபேக்டரியைச் சட்டம் பிடித்துவிட்டது. தெருமுனை வாணலியை யார் பிடிப்பது?

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் அப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மாலைநேர பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறார். முந்தின நாள் எண்ணெய் மேலேயே புது எண்ணெயை ஊற்றுவதுதான் எங்கள் கடை வழக்கம். பெரிய ஹோட்டலில் கழித்த எண்ணெயை மலிவாகக் கொண்டுவந்து தருபவர்களும் உண்டு. முதலாம் ஆண்டில் ஒருநாள், "அப்பா, இதைக் கீழே கொட்டிடலாம்ப்பா" என்றேன். "எண்ணெயைக் கொட்டினா அன்னைக்கு லாபத்தைக் கொட்டின மாதிரிடா. உன் ஃபீஸை யார் கட்டுறது?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. என் செமஸ்டர் ஃபீஸ் அந்தக் கறுப்பு எண்ணெயிலிருந்துதான் வந்தது!

விற்காமல் மிஞ்சிய பஜ்ஜிதான் பல இரவுகளில் அவருக்குச் சாப்பாடு. போன வருஷம் ஒரு ராத்திரி கடையை எடுத்துவைக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். எண்ணெய்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. பீடி இருந்தது, சர்க்கரை இருந்தது, நேரங்கெட்ட சாப்பாடும் இருந்தது. ஆனால் "இனிமே உங்க கடைப் பலகாரத்தை நீங்க சாப்பிடாதீங்க" என்றார். திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்: "நான் சாப்பிடக் கூடாதுன்னா, மத்தவங்களுக்கு எப்படிடா விக்கிறது?"

தோழர்களே, இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இப்போது எங்கள் கடையில் சின்ன வாணலி. தேவைக்கு மட்டும் எண்ணெய். பழசோடு புதுசு கலப்பதில்லை. மிஞ்சியதைத் தனி டின்னில் சேர்த்து, பயோடீசலுக்கு வாங்குபவரிடம் கொடுக்கிறோம். 2018 ஆகஸ்டில் அரசு தொடங்கிய 'ரூகோ' திட்டம் இதற்காகத்தான். பழைய எண்ணெயோடு மெத்தனால் சேர்த்தால் டீசலும் கிளிசரினும் கிடைக்கும். பஜ்ஜி விலையை இரண்டு ரூபாய் ஏற்றினோம். சிலர் முகம் சுளித்து வேறு கடைக்குப் போனார்கள். லாபம் குறைந்தது உண்மை. அப்பா நிம்மதியாகத் தூங்குகிறார், அதுவும் உண்மை.

ஆகவே சின்னக் கடைக்காரரைத் திட்டி மட்டும் பயனில்லை. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்துபவர்தான் கணக்கு எழுத வேண்டும் என்கிறது விதி. மற்றவர்களை யார் கேட்பது? வாங்கிச் சாப்பிடும் நாம்தான் கேட்க வேண்டும்!

நம் சங்கத்துக்கு என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: கேன்டீனிலும் ஹாஸ்டல் மெஸ்ஸிலும் எண்ணெய் மாற்றிய தேதியைப் பலகையில் எழுத வேண்டும். இரண்டு: கழித்த எண்ணெய் பயோடீசலுக்கு மட்டுமே போக வேண்டும், வேறு கடைக்குப் போகக் கூடாது. மூன்று: மாதம் ஒருமுறை நம் கெமிஸ்ட்ரி லேப்பிலேயே சோதிக்கலாம். முதலாம் ஆண்டில் பியூரெட் பிடித்து டைட்ரேஷன் செய்தோமே, எதற்கு? ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க மட்டும்தானா? எண்ணெயை ஆல்கஹாலில் கலந்து, இரண்டு சொட்டு பினால்ப்தலீன் விட்டு, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் எவ்வளவு அமிலம் பிரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சட்டம் கேட்கும் போலார் அளவு இது அல்ல. ஆனால் எண்ணெய் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்ட இது போதும்.

இதனால் கேன்டீனில் வடைக்கு ஒரு ரூபாய் கூடினால், முணுமுணுக்காமல் கொடுப்போம். அந்த ஒரு ரூபாயைக் கொடுக்க மறுத்தால், பிறகு கேள்வி கேட்கும் யோக்கியதை நமக்கு இல்லை.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. சர்க்கரை இருக்கும் உடம்பில் இதய நோயும் சீக்கிரம் எட்டிப் பார்க்கும். நம்மில் எத்தனை பேர் வீட்டில் ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பஜ்ஜி சாப்பிடாதே என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கப்பா கடையை மூட வேண்டியதுதான்! எப்போதாவது சாப்பிடுங்கள், அளவாகச் சாப்பிடுங்கள். ஆனால் கையில் வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"அண்ணே, இது என்னைக்கு ஊத்தின எண்ணெய்?"

நூறு பேர் கேட்டால் வாணலி மாறும். கேட்போமா?

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்