குட்டைக் கணக்கு

ஒயின் விளைகிற ஊருக்குப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாம் ஒரு மாதிரி சிரித்தார்கள். "அங்கே இருக்கிற ஏரி, குட்டையைப் பார்க்கத்தான் சார்" என்றதும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "தண்ணி பார்க்கவா, தண்ணி போடவா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு பாங்க் ஆபீசர்.

இரண்டுக்கும் ஒரே வார்த்தை வைத்திருக்கிறோம். யாரோ விஷயம் தெரிந்தவர்தான் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் போன ஊரில் இரண்டும் ஒரே சமாசாரம். குட்டை இல்லாவிட்டால் கோப்பை இல்லை.

ஊர், ஆஸ்திரியாவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. ஆஸ்திரியா என்றதும் பனிமலை, பாட்டுப் பாடும் கதாநாயகி என்று கற்பனையை ஓட விடாதீர்கள். இந்தப் பக்கம் மலை கிடையாது. ஹங்கேரி வரைக்கும் தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி. மாநிலத்தின் பெயர் பூர்கன்லாந்து. அதன் வடக்குப் பகுதியில் நொய்சீட்லர் ஏரி. என்னோடு பி.காம். படித்தவன் வியன்னாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஏரியின் பரப்பு சுமார் 315 சதுர கிலோமீட்டர். தென்முனை மட்டும் ஹங்கேரிக்குள் போய்விடுகிறது. அகலமும் நீளமும் பார்த்தால் கடல் மாதிரி இருக்கிறது. ஆழம்? அதிகபட்சம் 1.8 மீட்டர். அதாவது ஆறடி. பாதிக்கு மேல் நாணல் காடு. காற்று ஒரு பக்கமாகப் பலமாக அடித்தால் தண்ணீர் எதிர்க்கரைக்குப் போய் ஒதுங்கிவிடும். இந்தக் கரையில் சேறு தெரியும்.

"படகு கவுந்தா நீச்சல் தெரியாதேடா" என்றேன்.

"கவுந்தா எழுந்து நில்லு" என்றான்.

காமர்ஸ் படித்தவனுக்கு இந்த ஏரியைவிடச் சுலபமான கேஷ் புக் கிடைக்காது. இயற்கையாக வெளியே போகிற ஆறு எதுவும் இல்லை. மனிதன் வெட்டிய ஒரு கால்வாய்தான் வடிகால். வரவு, பெரும்பாலும் மழை. செலவு, பெரும்பாலும் வெயில். கையிருப்போ ஆறடி. நாலைந்து வருஷம் மழை ஏமாற்றினால் திவால்தான். 1860-களின் பிற்பகுதியில் அப்படித்தான் ஏரி முழுசாக வற்றிப் போனது. சும்மா விடுவார்களா? காய்ந்த தரையில் பயிர் வைக்க ஆரம்பித்தார்கள். சில வருஷத்தில், 'என் இடத்தைக் கொடு' என்று ஏரி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

*

மேற்குக் கரையில் ரூஸ்ட் என்று ஒரு ஊர். ஜனத்தொகை சுமார் இரண்டாயிரம்தான். ஆனால் சட்டப்படி அது தனி அந்தஸ்துள்ள நகரம். அந்த அந்தஸ்து எப்படி வந்தது தெரியுமா? 1681-ல் சக்கரவர்த்தி லியோபோல்டுக்கு 60,000 கில்டர் பணமும், கூடவே சுமார் 30,000 லிட்டர் ஒயினும் கொடுத்து வாங்கினார்கள். ஊரே சேர்ந்து 'தண்ணி' வாங்கிக் கொடுத்துக் காரியம் சாதித்த கதை இது. முறையாகப் பதிவாகி, ரசீதோடு.

ரூஸ்ட்டின் வீட்டுக் கூரைகளில் நாரைக் கூடுகள் இருக்கின்றன. நான் போனபோது கூடு மட்டும்தான். நாரைகள் ஆகஸ்ட் முடிவதற்குள்ளேயே ஆப்பிரிக்காவுக்கு லீவு போட்டுவிட்டுப் போய்விட்டன.

சக்கரவர்த்தியையே மயக்கிய அந்த ஒயினின் ரகசியம், சொன்னால் முகம் சுளிப்பீர்கள், பூஞ்சைக்காளான். பொட்ரைடிஸ் என்று பெயர். ஏரி ஆழமில்லாததால் தண்ணீர் சீக்கிரம் சூடாகிறது. இலையுதிர் காலத்து இரவின் குளிர் அதன் மேல் படிந்ததும் காலையில் பனிமூட்டம். அந்த ஈரத்தில் காளான் திராட்சைத் தோலைத் துளைக்கிறது. மத்தியானம் வெயிலும் காற்றும் வந்து, அந்தத் துளை வழியாகப் பழத்தின் தண்ணீரை உறிஞ்சிவிடுகின்றன. பழம் சுருங்கி, சர்க்கரை மட்டும் மிஞ்சுகிறது. ஈரம் மட்டும் இருந்தால் பழம் அழுகிப் போகும். வெயில் மட்டும் இருந்தால் காளானே வராது. இரண்டையும் தினமும் முறை வைத்து சப்ளை செய்வதற்கு பக்கத்தில் ஏரியும் குட்டையும் வேண்டும்.

ஒயின்காரர்கள் தங்கள் சொந்த ஒயினை வீட்டு முற்றத்திலேயே விற்கலாம் என்று 1784-ல் ஒரு உத்தரவு வந்தது. இன்றைக்கும் செல்லுபடியாகிறது. வாசலில் ஒரு கொத்து பச்சைக் கிளை தொங்கினால் 'கடை திறந்திருக்கிறது' என்று அர்த்தம். அப்படி ஒரு முற்றத்தில் உட்கார்ந்தோம். பாட்டி ஒருத்தர் சின்னக் கண்ணாடியில், மருந்து மாதிரி அளந்து ஊற்றினார். தேனில் ஊறிய உலர்ந்த ஆப்ரிகாட் மாதிரி இருந்தது. கடைசியில் லேசான புளிப்பு. கூடை கூடையாகப் பறித்து, கிண்ணம் கிண்ணமாகப் பிழிகிற சரக்கு. விலையும் அதற்குத் தகுந்த மாதிரி.

இனிப்புக்கு இத்தனை பாடு என்றால் குறுக்கு வழி தேடாமல் இருப்பார்களா? 1985-ல் மாட்டினார்கள். ஆஸ்திரிய ஒயின்காரர்கள் சிலர் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைக் கலந்து, சாதாரண ஒயினைக் கெட்டியான, இனிப்பான ஒயின் மாதிரி காட்டியிருக்கிறார்கள். விஷயம் வெளியே வந்ததும் நாட்டின் ஒயின் ஏற்றுமதியே படுத்துவிட்டது. யோக்கியமாகப் பிழைத்தவனுக்கும் சேர்த்து அடி. அதே வருஷம் கடுமையான சட்டம் வந்தது. மறுபடி பேர் வாங்கப் பல வருஷம் ஆயிற்று. அதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் எதிர்க்கரையில் உள்ள இல்மிட்ஸ் ஊர்க்காரர், 2007-ல் காலமான அலோய்ஸ் கிராகர்.

அந்த இல்மிட்ஸுக்குத்தான் நாங்களும் போனோம். வாடகை சைக்கிளை படகில் ஏற்றி, ஏரியைத் தாண்டினோம்.

*

இல்மிட்ஸ் இருக்கிற கிழக்குக் கரைப் பகுதிக்கு ஸேவிங்கல் என்று பெயர். பெரிய ஏரிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக உப்புக் குட்டைகள். ஒவ்வொன்றையும் 'லாக்கே' என்கிறார்கள். குட்டை என்றுதான் அர்த்தம். நான் பார்த்த முதல் குட்டையில் தண்ணீரே இல்லை. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு தரை. பாதை ஓரத்துப் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். சமையல் உப்பு இல்லை, சோப்பு! சோடா உப்பு. முன்பெல்லாம் இதைச் சுரண்டிக்கொண்டு போய் சோப்பு தயாரித்திருக்கிறார்கள்.

"இதைப் பார்க்கவாடா வந்தே? செத்துப் போன குட்டை" என்றான் நண்பன்.

செத்துப் போகவில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. இந்தக் குட்டைகள் கோடையில் வற்றுவது இயற்கை. வற்ற வேண்டும். கீழே உப்பு கலந்த களிமண். அதற்குப் பக்கத்திலேயே நிலத்தடி நீர் நின்றால், வெயில் அடிக்க அடிக்க, திரி எண்ணெயை இழுப்பது மாதிரி, மண் அந்த நீரை மேலே இழுக்கிறது. நீர் ஆவியாகி உப்பு தங்குகிறது. அந்த உப்புதான் களிமண்ணை இறுக்கி, ஓட்டை இல்லாத பாத்திரமாக வைத்திருக்கிறது. அடுத்த மழையில் தண்ணீர் நிற்கும். சின்னப் பூச்சிகளும் இறால் வகைகளும் பெருகும். அதைத் தின்னப் பறவைகள் வரும்.

நிலத்தடி நீர் இரண்டு, மூன்று அடி கீழே இறங்கிவிட்டால்? மேலே உப்பு வருவது நின்றுவிடும். பெய்கிற மழை இருக்கிற உப்பையும் கழுவிக் கீழே கொண்டு போய்விடும். பாத்திரத்தின் அடி ஓட்டை. அப்புறம் எத்தனை மழை பெய்தாலும் நிற்காது. புல் முளைக்கும். பார்க்கப் பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மையான சாவு. வெள்ளையாகக் காய்ந்தது உயிரோடு இருக்கிறது. பச்சையாக இருப்பது போய்விட்டது.

19-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கே நூற்றுக்கும் மேலே குட்டைகள் இருந்தன. இப்போது நாற்பதை ஒட்டித்தான் தேறும். மழை இல்லாமல் போனது பாதிக் கதை. மீதிக் கதை, நிலம் வேண்டுமென்று வெட்டிய வடிகால் வாய்க்கால்கள். அப்புறம், அந்த நிலத்துப் பயிருக்கும் திராட்சைக்கும் தண்ணீர் பாய்ச்சப் போட்ட கிணறுகள்.

2022 கோடையில் பெரிய ஏரியின் நீர்மட்டம் பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்கு இறங்கியது. இல்மிட்ஸின் பெரிய குட்டையான ஸிக்லாக்கே முழுசாகக் காய்ந்தது. மழை குறைய, இறைப்பு கூடுகிறது. இறைப்பு கூட, குட்டை குறைகிறது.

"திராட்சைக்காரன் என்னடா பண்ணுவான்? அவனுக்கும் குடும்பம் இருக்கில்ல?" என்றான் நண்பன். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் டமார் என்று வெடிச் சத்தம். சைக்கிளிலிருந்து விழாத குறை. திராட்சை தின்ன வரும் மைனா ஜாதிக் குருவிக் கூட்டங்களை விரட்ட வெற்றுத் தோட்டா சுடுகிறார்கள். சில நாள் குட்டி விமானம்கூடப் பறக்குமாம். இந்தப் பக்கம், பறவை வராதா என்று பைனாகுலரோடு ஒரு கூட்டம். நூறு அடி தள்டி, வந்துவிடுமோ என்று துப்பாக்கியோடு ஒருவர். இரண்டு பேரும் சாயங்காலம் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து ஒயின் குடிக்கிறார்கள்!

*

சும்மா இருந்துவிடவில்லை அவர்கள். 1993-ல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். பூங்காவின் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. யாரையும் துரத்தவில்லை. நிலத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு வாடகை கொடுக்கிறார்கள். சும்மா இருப்பதற்குப் பணம் வாங்குவது நம்மில் பலருக்கு ஆபீஸில் பழக்கம்தான். ஆனால் அதனால் ஒரு ஜீவன் பிழைக்கிறது என்றால் அது இங்கேதான். 2001-ல் யுனெஸ்கோவும் இரண்டு நாட்டு ஏரிப் பகுதியையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அன்றைக்கு வெட்டிய வாய்க்கால்களில் இன்றைக்குத் தடுப்பு வைத்து நீரைத் தேக்கப் பார்க்கிறார்கள்.

டான்யூப் நதித் தண்ணீரைக் கொண்டுவந்து ஏரியில் விடலாம் என்றும் ஒரு யோசனை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நதித் தண்ணீரில் இந்த உப்பு இல்லையே, ஏரியின் குணமே மாறிவிடாதா என்கிறார்கள் விஞ்ஞானிகள். கடன் வாங்கிக் குடும்பம் நடத்துகிற மாதிரிதான். வீடு நிற்கும், ஆனால் அது நம்முடைய வீடாக இருக்காது.

பி.காம். முதல் வருஷத்தில் சொல்லித் தந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். வட்டியைத் தின்னலாம், அசலைத் தின்னக் கூடாது. காலைப் பனிமூட்டம் வட்டி. பூஞ்சைக்காளான் வட்டி. சக்கரவர்த்திக்குக் கொடுத்த 30,000 லிட்டரும் வட்டி. அசல், கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குக் கீழே சில அடியில் கிடக்கிற தண்ணீர். ஆபீஸ் நாற்காலிக்குக்கூட வருஷா வருஷம் தேய்மானம் எழுதுகிறோம். அந்தத் தண்ணீருக்கு எந்தப் பேரேட்டிலும் ஒரு பக்கம் கிடையாது.

1985-க்குப் பிறகு அந்த ஊர் பாட்டிலில் எல்லாம் ஒழுங்காக அச்சடிக்கிறார்கள். விளைந்த வருஷம், இடம், ஆல்கஹால் எத்தனை சதவீதம், சோதித்த நம்பர், மூடியில் கொடி நிறத்தில் பட்டை. எல்லாம் சரி. நிலத்தடி நீர் இந்த வருஷம் எத்தனை அடியில் நின்றது என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். குடிப்பவனுக்கு உண்மையான விலை தெரிந்துவிடும்.