வித்தியாசத்தைத் தருகிறோம் என்னும் பலகை

"இதே பொருள் வேறு எந்தக் கடையிலாவது இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் வித்தியாசத் தொகையைத் தருகிறோம்." டி.வி., பிரிட்ஜ், செல்போன் விற்கும் பெரிய கடைகளின் வாசலில் இப்படி எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, நம் மளிகை வணிகர்கள் சிலரும் நாமும் ஒரு பலகை மாட்டினால் என்ன என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கூட்டம் வரும், பெயர் கிடைக்கும், கேட்டு வருகிறவர்கள் நூற்றில் ஒருவர் இருவர்தானே என்பது அவர்கள் கணக்கு. மாட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை, இந்த வாக்குறுதி ஆலமரமாக வளர்ந்த அமெரிக்க மின்னணுக் கடைகளின் அனுபவத்திலிருந்தே சொல்ல விரும்புகிறேன். அவர்களுடைய சரக்கு வேறு, நம்முடைய சரக்கு வேறு. ஆனால் கல்லாப்பெட்டி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் 1970களின் தொடக்கத்தில் எடி அந்தார் என்பவர் 'கிரேஸி எடி' என்ற பெயரில் ரேடியோ, டி.வி., ஸ்டீரியோ விற்கும் கடையை வளர்த்தார். எங்கள் விலைக்குக் கீழே எவராலும் விற்க முடியாது, வேறு கடை விலையைக் கொண்டுவாருங்கள், முறியடிக்கிறோம் என்பதே அவர் விளம்பரம். தொலைக்காட்சியில் ஒருவர் கையைக் காலை ஆட்டிக் கத்திக் கத்தி இதைச் சொல்வார். ஊரே சிரித்தது, ஊரே வாங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்ட கடைகள் ஆயின. 1984இல் பங்குச் சந்தைக்கும் போனார்கள்.

அந்த விலை எங்கிருந்து குறைந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரியில் ஒரு பகுதியை அரசாங்கத்துக்குக் கட்டாமல் எடுத்துக்கொண்டார்கள். பணியாளர் சம்பளத்தைக் கணக்கில் காட்டாமல் கொடுத்தார்கள். பங்கு விற்ற பிறகு, இல்லாத சரக்கை இருப்பதாக ஏட்டில் ஏற்றினார்கள். 1987இல் நிர்வாகம் வேறு கைக்கு மாறியபோது இருப்பு எடுத்துப் பார்த்தால், கோடிக்கணக்கான டாலர் சரக்கு ஏட்டில் மட்டுமே இருந்தது. 1989இல் கடைகள் மூடப்பட்டன. அந்தார் வெளிநாட்டுக்கு ஓடி, 1992இல் இஸ்ரேலில் பிடிபட்டு, 1996இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எவரும் தர முடியாத விலையை ஒருவர் எப்போதும் தருகிறார் என்றால் அவர் கொள்முதலிலோ கணக்கிலோ நாம் அறியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது நம்மில் மூத்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

ஆனால் இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது மோசடியை அல்ல, பலகையை. அதே நியூயார்க்கில் 'நியூமார்க் அண்ட் லூயிஸ்' என்ற போட்டிக் கடையும் இதே போன்ற உறுதிமொழியைத் தந்தது. இரண்டு கடைகளும் இப்படிச் சொல்லிக்கொண்டால் விலை அதலபாதாளத்துக்கு இறங்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஸ்டீவன் சாலப் என்ற பொருளாதார அறிஞர் 1986இல் எழுதிய கட்டுரையில் இதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்ன கருத்தை நம் கடைத்தெருக் கணக்காக மாற்றிச் சொல்கிறேன்.

எதிர்க்கடைக்காரர் தம் வாசலில் 'எவர் விலையையும் ஈடுகட்டுவோம்' என்று பலகை மாட்டிவிட்டார். நான் ஒரு பொருளில் 10 ரூபாய் குறைக்க நினைக்கிறேன். குறைத்தால் என்ன ஆகும்? அவருடைய வாடிக்கையாளர் என் விலைச் சீட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே போவார், அவர் குறைத்துக் கொடுப்பார். எனக்கு ஒரு ஆளும் கூடுதலாக வரப்போவதில்லை. என்னிடம் ஏற்கெனவே வாங்குகிறவர்களிடம் 10 ரூபாய் நஷ்டம்தான் மிச்சம். ஆகவே நான் குறைக்க மாட்டேன். அவரும் இதையே எண்ணிக் குறைக்க மாட்டார். இருவரும் கூடிப் பேசவில்லை, கையெழுத்துப் போடவில்லை, ஆனாலும் விலை அப்படியே நிற்கிறது. பலகை வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிறது, போட்டியாளரைப் பார்த்து விரலை ஆட்டுகிறது. இதைவிட வசதியான வேவுக்காரனும் கிடையாது. யார் எங்கே விலை குறைத்தாலும் வாடிக்கையாளரே ஓடிவந்து சொல்லிவிடுகிறார் அல்லவா!

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரத்து மளிகைப் பேரங்காடிகள் இப்படி ஒன்றன் விலையை ஒன்று ஈடுகட்டுவதாக அறிவித்த காலத்து விலைகளை ஹெஸ், கெர்ஸ்ட்னர் என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்து 1991இல் வெளியிட்டார்கள். விலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மொத்தத்தில் இறங்கவில்லை, சற்றே ஏறின. அதுவும் மளிகைக் கடையில்.

அப்படியானால் வணிகருக்கு லாபம்தானே, ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பலகையை நம்பி ஒருவர் கடைக்குள் வந்து "அங்கே குறைவு, வித்தியாசத்தைக் கொடுங்கள்" என்று கேட்கும் அந்த நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கர்கள் இதில் பட்ட அனுபவம் ஏராளம்.

முதலில் மாடல் எண். பெரிய கடைகளுக்கென்றே தயாரிப்பாளர்கள் ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ மாற்றித் தனி மாடல் தருவது உண்டு. டி.வி. ஏறக்குறைய அதேதான், ஆனால் சீட்டில் உள்ள எண் வேறு. 'இது அதே பொருள் அல்ல' என்று சொல்லிவிடலாம். அடுத்து, அந்தக் கடையில் இப்போது சரக்கு இருக்கிறதா என்ற கேள்வி. பணியாளர் போன் போட்டு விசாரிப்பார், வாடிக்கையாளர் காத்திருப்பார். பிறகு, அது வரம்புக்குட்பட்ட தள்ளுபடி, அது கழிவுச் சரக்கு, அது இணையத்தில் வேறொரு சிறு விற்பனையாளர் விற்பது, அது நவம்பர் மாதத்து நன்றித் திருநாள் வாரத்துச் சிறப்பு விலை என்று விலக்குகள் நீளும். இவற்றில் பல விதிகள் நியாயமானவைதாம். ஒருவர் கடையைக் காலி செய்ய விற்கும் விலையை இன்னொருவர் ஏன் ஈடுகட்ட வேண்டும்? ஆனால் பலகையில் பெரிய எழுத்து, விதியில் பொடி எழுத்து. வாடிக்கையாளர் படித்தது பெரிய எழுத்தை. அவர் கேட்டு, இல்லையென்று சொல்லப்பட்டு, பத்துப் பேர் பார்க்க வெளியே போகும்போது அவர் மனதில் இருப்பது தொகை அல்ல. 'நான் பொய் சொன்னது போல ஆக்கிவிட்டார்கள்' என்ற எண்ணம்தான் இருக்கும்.

இதில் உச்சம் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்தது. 'பெஸ்ட் பை' என்ற மிகப் பெரிய மின்னணுக் கடைத்தொடரின் இணையதளத்தில் ஒரு விலையைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தவர்கள், அங்கே விலை அதிகமாக இருப்பதைக் கண்டு கேட்டார்கள். பணியாளர்கள் கடைக்குள் இருந்த கணினித் திரையைக் காட்டினார்கள். அதில் கடை விலையே இருந்தது. தாம் தவறாகப் பார்த்துவிட்டோம், அல்லது தள்ளுபடி முடிந்துவிட்டது என்று எண்ணி அதே விலைக்கு வாங்கிப் போனார்கள். வீட்டில் போய்ப் பார்த்தால் பழைய குறைந்த விலை அப்படியே இருந்தது! கடைக்குள் காட்டியது வெளியுலகம் பார்க்கும் தளம் அல்ல, அதே தோற்றத்தில் இருந்த உள்தளம். ஹார்ட்ஃபோர்டு நகர நாளிதழின் நுகர்வோர் பத்தி இதை 2007இல் வெளிக்கொண்டுவந்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் ரிச்சர்ட் புளூமென்தால் அதே ஆண்டு வழக்குத் தொடுத்தார். 2010இல் சுமார் 4 லட்சம் டாலர் அரசுக்குக் கட்டி, பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஈடுதர இசைந்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அந்தத் தொகை தூசு. ஆனால் இரண்டு திரை என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது.

அதன் போட்டியாளரான 'சர்க்யூட் சிட்டி' வித்தியாசத்தில் 110 சதவீதம் தருவதாகச் சொன்ன கடை. விலையை இப்படிக் கட்டிப்போட்டுக்கொண்டால் செலவைத்தானே குறைக்க வேண்டும்? 2007 மார்ச்சில், கூடுதல் சம்பளம் வாங்கிய சுமார் 3,400 விற்பனைப் பணியாளர்களை ஒரே நாளில் நீக்கியது. பொருளைப் பற்றித் தெரிந்தவர்கள், வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் அவர்கள்தாம். 2008 நவம்பரில் திவால் மனு, 2009இல் எல்லாக் கடையும் மூடல். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, பொருளாதார மந்தமும் ஒன்று. என்றாலும் 110 சதவீதப் பலகை அவர்களைக் காப்பாற்றவில்லை.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், மறைக்கக் கூடாது. இங்கிலாந்தின் ஜான் லூயிஸ் கடைகள் 1925ஆம் ஆண்டிலிருந்து இத்தகைய உறுதிமொழியைக் காத்துவந்தன. அவர்களே 2022இல் இதைக் கைவிட்டு, 2024 செப்டம்பரில் 25 கடைகளின் விலையை மட்டும் ஒப்பிட்டுத் தருவதாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே பெஸ்ட் பை நிறுவனம், மக்கள் கடையில் பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்கும் பழக்கத்தால் தத்தளித்தபோது, 2013 மார்ச் முதல் அமேசான் போன்றோரின் விலையையும் ஈடுகட்டத் துணிந்து பிழைத்துக்கொண்டது. எப்படி முடிந்தது? செலவைக் குறைத்தார்கள். சாம்சங், மைக்ரோசாஃப்ட் போன்ற தயாரிப்பாளர்கள் தம் பொருள் கண்ணில் பட வேண்டுமென்று கடைக்குள்ளேயே தனி இடம் அமைத்தார்கள். தயாரிப்பாளருக்கு அந்தக் கடை தேவைப்பட்டது. கொள்முதல் பலம் இருந்ததால் உறுதிமொழி நின்றது. அந்தப் பலம் இருந்தும் 'டார்கெட்' நிறுவனம் 2025 ஜூலையில் அமேசான், வால்மார்ட் விலைகளை ஈடுகட்டுவதை நிறுத்திவிட்டது.

இனி நம் கடைக்கு வருவோம். டி.வி. விற்பவருக்கு மாடல் எண் என்ற ஒதுங்கும் இடமாவது உண்டு. நமக்கு அதுவும் கிடையாது. 100 கிராம் சோப்பு எங்கும் அதே சோப்புதான், உறையில் எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கிறது. பேரங்காடியோ, பத்து நிமிடத்தில் கொண்டுவரும் செயலியோ அதில் 5 ரூபாய் குறைத்துவிட்டால் நாமும் மறுபேச்சில்லாமல் குறைக்க வேண்டும். நமக்குக் கிடைப்பது டிஸ்ட்ரிபியூட்டர் தரும் மார்ஜின், அவ்வப்போது வரும் ஸ்கீம், அவ்வளவே. அந்த 5 ரூபாய் பல பொருள்களில் நம் மார்ஜினையே தாண்டிவிடும்.

நாம் நாலு காசு பார்ப்பது துவரம் பருப்பிலும், மிளகாயிலும், அரிசியிலும், புளியிலும். அங்கே தரம் பார்த்து, சலித்து, காயவைத்து, நம் கண்ணால் தேர்ந்தெடுத்த சரக்கை விற்கிறோம். அதை வேறு கடைச் சரக்கோடு விலை ஒப்பிட முடியாது. பலகை மாட்டினால் 'அங்கே பருப்பு 8 ரூபாய் குறைவு' என்று வருவார்கள். அது வேறு ரகம் என்று நாம் சொல்வோம். அமெரிக்கப் பணியாளர் மாடல் எண்ணைக் காட்டிய அதே நிலைக்கு நாமும் போய்ச் சேருவோம். வித்தியாசம் என்னவென்றால், அங்கே கேட்டவர் முகம் தெரியாதவர். இங்கே கேட்பவர் அடுத்த தெரு அக்கா, இருபது வருடமாகப் பற்று வரவு வைத்திருப்பவர்.

கேட்டு வருகிறவர் குறைவு என்பது உண்மைதான். ஆனால் எவரும் கேட்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதும் வாக்குறுதியை நம் பெரியவர்கள் எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பது தெரியும். சட்டமும் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்பதைத் தனியே வரையறுத்திருக்கிறது. கடை வாசல் பலகையும் விளம்பரம்தான்.

அடிக்கடி விலை பார்த்து வாங்கப்படும் ஐந்தாறு பொருள்கள் ஒவ்வொரு கடையிலும் உண்டு: சர்க்கரை, எண்ணெய், தேயிலை, சலவைத் தூள் என்று. அவற்றின் வெளி விலையை வாரம் ஒருமுறை பார்த்து, முடிந்தவரை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். பழகியவர் வந்து 'அங்கே குறைவு' என்றால், கட்டுமானால் அப்போதே பில்லில் கழித்துவிடலாம். கட்டாவிட்டால் 'என் கொள்முதலே அதற்கு மேல், இந்த முறை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. இதற்குப் பலகை வேண்டியதில்லை.

பலகை எழுதும் செலவையும் நேரத்தையும் வேறொரு பக்கம் திருப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள். 2022 ஜனவரியில் மகாராஷ்டிர விநியோகஸ்தர்கள், பெரிய மொத்த வணிக நிறுவனங்களுக்கு ஒரு விலை, தங்களுக்கு ஒரு விலையா என்று கேட்டு, கோல்கேட் நிறுவனத்தின் சில பொருள்களை எடுக்காமல் நிறுத்தினார்கள். 2024இல் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு, விரைவு வணிகச் செயலிகளின் அடிமாட்டு விலையைப் பற்றிப் போட்டி ஆணையத்திடம் புகார் சொன்னது. விலையை ஈடுகட்டும்படி வாடிக்கையாளர் நம்மிடம் கேட்கிறார். நாம் அதைக் கம்பெனியிடம் கேட்க வேண்டும். அதற்கு வெறும் ஆதங்கம் போதாது, காகிதம் வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் தலா பத்துப் பொருள்களின் கொள்முதல் பில்லையும், அதே பொருள் அதே நாளில் செயலியில் விற்ற விலையையும் எழுதி எடுத்து வாருங்கள். பில்லில் தேதி தெளிவாக இருக்கட்டும்.