தோல் மட்டும் போதாது, சீட்டும் வேண்டும்

பாடம் செய்த புலியை வைக்கோல் அடைத்த பொம்மை என்றே பலரும் நினைக்கிறோம். உள்ளே இருப்பது செயற்கை அச்சு. மேலே இருப்பது அசல் தோல். நூறாண்டு கழிந்தும் அதிலிருந்து பல வேளைகளில் மரபணுவை எடுக்க முடிகிறது. ஆனால் எங்கே, எப்போது கிடைத்தது என்ற சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்தான்.

இந்தச் சேகரிப்புகள் எளிதில் அழியக்கூடியவை. சாலாக் செலாத்தானிலிருந்து ரயிலேறினால் சில நிலையங்களில் எட்டிவிடும் தேசிய அருங்காட்சியகம், 1945இல் குண்டுவீச்சுக்கு இலக்கான சிலாங்கூர் அருங்காட்சியகம் நின்ற இடத்தில்தான் 1963இல் திறக்கப்பட்டது.

தீபகற்பக் காடுகளில் இன்று 150 புலிகள்கூட இல்லை. சாலையில் அடிபட்டு இறக்கும் ஒவ்வொரு புலியையும் பாடம் செய்து, சீட்டோடு காக்க வேண்டும். நீங்களும் அருங்காட்சியகத்தில் புலியின் பல்லைப் பார்த்ததோடு நின்றுவிடாமல் சீட்டையும் படியுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.