பூ உதிரும் பருவம்

எட்டு நாள் தியானத்தில் மூன்றாம் நாள் மாலை அந்தக் கேள்வி வந்துவிடும். பயணக் களைப்பும் பள்ளிக்கூடக் கணக்குவழக்கும் தலையை விட்டு இறங்கவே முதல் இரண்டு நாளும் சரியாகப் போகும். மூன்றாம் நாள் அருட்சகோதரி எதிரே வந்து உட்கார்ந்து, கண்ணைத் தரையில் பதித்தபடி சொல்வார்: “ஃபாதர், எனக்கு முன்ன மாதிரி ஜெபம் வரலை. நவகன்னியரா இருந்தப்ப நற்கருணைக்கு முன்னால உட்கார்ந்தா நேரம் போறதே தெரியாது. இப்ப வெறும் வறட்சி. பின்னால போய்ட்டேன்னு நினைக்கிறேன்.” இவர் ஒருவரல்லர். நான் கேட்ட பலரை ஒருவராக்கி எழுதுகிறேன். வழிகாட்டும் பணியில் இருக்கும் உங்களுக்கும் இவரைத் தெரிந்திருக்கும்.

நாம் என்ன பதில் சொல்கிறோம்? நவநாள் செய்யுங்கள், பொதுப் பாவசங்கீர்த்தனம் ஒன்று நன்றாகச் செய்யுங்கள், காலையில் அரை மணி முன்னதாக எழுந்திருங்கள். நானும் சொல்லியிருக்கிறேன். மருந்து பலிக்காதபோது அளவைக் கூட்டியும் இருக்கிறேன். ‘பின்னால் போய்விட்டேன்’ என்ற அவர் தீர்ப்பை நாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை. கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொண்டு பரிகாரத்துக்குப் போய்விடுகிறோம்.

ஆன்ம வளர்ச்சியின் நிலைகளை இந்த இதழின் பொருளாக எடுத்ததற்கு இதுவே காரணம். தூய்மை வழி, ஒளி வழி, ஒன்றிப்பு வழி என்ற மூவழியை நாம் எல்லாரும் குருமடத்தில் படித்தோம். ஏணியருளப்பரின் முப்பது படிகளையும், ஜேம்ஸ் ஃபௌலர் 1981இல் எழுதிய விசுவாசத்தின் ஆறு நிலைகளையும் பயிற்சி வகுப்புகளில் அட்டவணையாக்கித் தருகிறோம். அட்டவணை கையில் வந்ததும் எதிரே இருப்பவரை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தாமே எந்தக் கட்டம் என்று தேடுவோரும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய கட்டத்தில் போய் நிற்பார்கள்.

நிலை என்றவுடன் நம் மனம் மாடிப்படியை நினைப்பதுதான் சிக்கலின் வேர். படியில் ஏறலாம், இறங்கலாம். மூன்றாவது வகை அசைவு கிடையாது. ஆண்டவர் விண்ணரசுக்குச் சொன்ன உவமையோ வயலில் நடக்கிறது: முதலில் தளிர், பிறகு கதிர், பிறகு கதிர் நிறையத் தானியம். சைவர்களின் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கையும் தாயுமானவர் அரும்பு, மலர், காய், கனி என்று வைத்தார். மலருக்கும் கனிக்கும் நடுவில் வரும் காயைக் கவனியுங்கள். மலரின் மணம் அதில் இல்லை, கனியின் இனிப்பும் இல்லை. கடித்தால் துவர்க்கும். நம் சகோதரி ‘போய்விட்டது’ என்று வருந்துவது மலரின் மணம். அது போகாமல் காய் ஏது?

ஆனால் உதிரும் பூவெல்லாம் காயாவதில்லை என்பதும் உண்மை. வாடிய சுரைப்பூவைக் கண்டால் தோட்டக்காரர் அதன் அடியில் பிஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பார். சிலுவை அருளப்பர் ‘இருண்ட இரவு’ நூலின் முதல் பகுதியில் தரும் மூன்று அடையாளங்கள் இந்தப் பிஞ்சைத் தேடும் வழிதான். ஒன்று, இறைக் காரியங்களில் சுவை இல்லை. உலகக் காரியங்களிலும் இல்லை. இரண்டு, இறைவனுக்குப் பணி செய்யவில்லையே, பின்னடைகிறேனே என்ற வேதனையான கவலை விடாமல் உள்ளே இருக்கிறது. மூன்று, முன்போலக் கற்பனையைக் கொண்டு காட்சிகளை விரித்து, சிந்தித்துத் தியானிக்க முடியவில்லை. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

இரண்டாவதை ஊன்றிப் பாருங்கள். வெதுவெதுப்பானவருக்கு இந்தக் கவலை இருக்காது. ஜெபம் போனதை அவர் கவனித்திருக்கவே மாட்டார்; அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும். ஆக, ‘பின்னால போய்ட்டேன்’ என்று கண் கலங்கச் சொல்வதே அவர் பின்னால் போகவில்லை என்பதற்கான தடயமாக இருக்கலாம். அதைக் கேட்டு நாம் ‘ஆமாம்’ என்று தலையசைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இப்போதெல்லாம் நான் ஜெபம் வராததைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. ஜெபம் வராத அந்த ஒரு மணி நேரம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறேன். “சும்மாதான் உட்கார்ந்திருக்கேன், ஃபாதர். எழுந்து போகவும் மனசு வரலை” என்று பதில் வந்தால், அவரை எழுப்பி வேலை வாங்காமல் இருப்பது என் பொறுப்பு.

முதல் அடையாளம் மட்டும் இருந்தால் அது உடல், மனநிலைக் கோளாறாகவும் இருக்கலாம் என்று அருளப்பரே எச்சரிக்கிறார். அவர் காலத்து மருத்துவம் அதற்குக் ‘கருப்பித்தம்’ என்று பெயர் வைத்திருந்தது. நாம் மனச்சோர்வு என்கிறோம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள், அன்றைக்கே. மனச்சோர்வும் இருண்ட இரவும் ஒன்றாக வருவதும் உண்டு. மாத்திரை சாப்பிடுவதால் இரவு பொய்யாகிவிடாது.

அவிலாவின் தெரேசா தம் ‘அகக்கோட்டை’யை எழுதத் தொடங்கியது 1577 ஜூன் 2, மூவொரு இறைவன் திருநாள். முடித்தது நவம்பர் 29. (மூன்று நாள் கழித்து, டிசம்பர் 2 இரவு, அருளப்பரை அவருடைய சபையாரே பிடித்துக்கொண்டு போனார்கள். தொலேதோவின் இருட்டறையில் அவர் கிடந்த மாதங்கள் அதன் பிறகு.) அந்தக் கோட்டையின் ஏழு மாளிகைகளையும் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக நினைக்க வேண்டாம் என்று தெரேசா தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். உண்ணத்தக்க குருத்தை மடல் மடலாகப் பொதிந்து வைத்திருக்கும் பனைவகைச் செடி ஒன்றை உவமை காட்டுகிறார். நமக்கு வாழைத்தண்டைச் சொன்னால் புரியும். ஒவ்வொரு மாளிகையிலும் மேலும் கீழும் பக்கங்களிலும் பல அறைகள். ஆன்மாவை ஒரே அறையில் அடைத்து வைக்கக்கூடாது என்கிறார். எவ்வளவு உள்ளே போனாலும் தன்னையறியும் அறைக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். தம் வரலாற்று நூலிலும், இவ்வழியில் எந்த மாவீரரும் மீண்டும் பால்குடிக் குழந்தையாக வேண்டிய வேளை அடிக்கடி வரும் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். அட்டவணை போடும் நாம் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் மாளிகைக்காரர்கள். நாமும் அவர்களில் சேர்த்திதான் என்று நினைக்கிறேன். ஒழுங்கான வாழ்க்கை, குறித்த நேரத்தில் ஜெபம், தான தருமம், அளந்த பேச்சு, குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர்கள்தான் வறட்சியைத் தாங்கமாட்டார்கள்; இவ்வளவு செய்த பிறகுமா என்று கேட்பார்கள். நற்செய்தியின் செல்வந்த இளைஞனை இங்கேதான் தெரேசா நினைவுபடுத்துகிறார். நான்காம் மாளிகைக்கு வந்ததும் இரண்டு தொட்டிகளைக் காட்டுகிறார். ஒன்றுக்குத் தண்ணீர் தொலைவிலிருந்து குழாய் வழியாக, உழைப்போடும் சத்தத்தோடும் வருகிறது. மற்றது ஊற்றின் மேலேயே கட்டியது, ஓசையில்லாமல் நிறைகிறது. குழாயில் வரத்து குறையும்போது சத்தம் நின்றுவிட்டதே என்று பதறுவது இயல்பு. பதறிப் போய்க் குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஊற்றின் பக்கம் திரும்ப நேரமிருக்காது.

தட்டுவதைப் பற்றி அருளப்பர் ‘அன்பின் உயிர்ச்சுடர்’ நூலில் சொல்வது நமக்கு உறைக்க வேண்டும். ஆன்மாவை வழி தவறச் செய்யும் குருடர்கள் மூவர் என்று வரிசைப்படுத்தும்போது, அலகைக்கு முன்னால் வழிகாட்டியை நிறுத்துகிறார். கொல்லனைப்போலச் சம்மட்டி அடிக்க மட்டுமே தெரிந்த வழிகாட்டிகள் என்று சாடுகிறார். மரத்தை வெட்டத் தெரிந்தவரெல்லாம் சிலை செதுக்க மாட்டார். செதுக்கத் தெரிந்தவரெல்லாம் மெருகேற்றவும் மாட்டார். தன் கை எந்த வேலை வரைக்கும் என்று தெரிந்து, அதற்கு மேல் இன்னொருவரிடம் ஒப்படைப்பவர் நம்மில் எத்தனை பேர்?

அப்படி அறிந்து நடந்த வழிகாட்டி ஒருவரை நம் நாட்டிலேயே காணலாம். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது, பல பத்தாண்டுகள் அவருக்குள் இருந்த இருள் உலகத்துக்குத் தெரிந்தது. 1961இல் புனேயின் இறையியல் பேராசிரியரான இயேசு சபைக் குரு ஜோசப் நொய்னரிடம் அதை அவர் வெளிப்படுத்தினார். நொய்னர் குற்றம் தேடவில்லை. இதற்கு மனித மருந்து இல்லை, இது உங்கள் தவறால் வந்ததும் அல்ல என்றார். இறைவனுக்காக ஏங்குவதே அவர் உள்ளே மறைந்திருப்பதன் அடையாளம் என்றும் விளக்கினார். அந்த இருளை நேசிக்கத் தொடங்கிவிட்டதாக அன்னை அவருக்கு எழுதினார். நேசித்ததால் அது விலகிவிடவில்லை. 1997 செப்டம்பரில் இறக்கும் வரை கூடவே இருந்தது. நம் அட்டவணைப்படி இரவு கடந்து விடியல் வர வேண்டும். அவருக்கு எந்தக் கட்டத்தை ஒதுக்குவது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.