தொண்டும் மொழியும்

தொண்டு என்றதும் நம்மில் பலருக்கு மேடையும் மாலையும் நன்றியுரையுமே நினைவுக்கு வருகின்றன. தொண்டு உண்மையில் எங்கே தொடங்குகிறது? அடுத்தவர் மொழியைக் கற்பதில் தொடங்குகிறது என்பேன். இதற்குக் காவிரிக் கரையில் ஒரு சான்று உண்டு.

குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார் இருவர் 1950ஆம் ஆண்டில் ஓர் ஆசிரமம் அமைத்தனர். ஒருவர் ஜூல் மோன்ஷனேன். 1939இல் தமிழகம் வந்து சிற்றூர்களில் பங்குப் பணி ஆற்றியவர். மற்றவர் ஆன்றி லெ சோ. 1948இல் வந்து சேர்ந்தவர். அவர்கள் வைத்த பெயர் சச்சிதானந்த ஆசிரமம். மக்களிடம் வழங்கும் பெயர் சாந்திவனம்.

கற்றறிந்த இவ்விருவரும் குடிசையில் வாழ்ந்தனர். காவி உடுத்தினர்; புலால் நீக்கினர்; தரையில் அமர்ந்து உண்டனர். அவர்களுடைய சிறு தேவாலயமும் கருவறையோடு நம் ஊர்க் கோயில் போலவே அமைந்தது.

காவியை வேடம் என்று குறை கூறினோரும் உண்டு. உடையை ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் நாற்பத்து நான்காம் வயதில் கடல் கடந்து வந்து, தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்குவது வேடமாகுமா?

எண்ணிக்கையில் அவர்கள் வெற்றி பெறவில்லை. 1957இல் மோன்ஷனேன் மறைந்தபோது நிலைத்து நின்ற சீடர் எவரும் இல்லை. 1968இல் லெ சோ வடக்கே சென்றார். அதே ஆண்டில் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து பீட் கிரிபித்ஸ் என்னும் ஆங்கிலேயர் வந்து பொறுப்பேற்றார். 1993இல் மறையும்வரை அதனை நடத்தினார். காலை, நடுப்பகல், மாலை என மூன்று வேளை வழிபாடு அங்கே நிலைத்தது. வரும் விருந்தினரும் உட்கார்ந்து காய்கறி நறுக்குவது வழக்கமாயிற்று. அங்கே வேடிக்கை பார்ப்பவருக்கு இடமில்லை. வந்தவர் யாவரும் வீட்டார்.

நண்பர்களே, நாமும் வேற்று மொழி வழங்கும் நகரில் வாழ்கிறோம். திருவனந்தபுரத்தில் நாம் விருந்தினரா, வீட்டாரா? மூன்றாண்டு இங்கே பயின்றும் மலையாள எழுத்தறியாமல் ஊர் திரும்புவோர் நம்மில் இல்லையா?

இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஏழை மக்கள் பலர் வருகின்றனர். நோயின் அச்சம் ஒரு புறம். பலகையில் எழுதியிருப்பது விளங்காத கலக்கம் மறு புறம். எந்த வரிசையில் நிற்பது, எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது, மறுபடி எந்த நாள் வருவது என்பதைத் தமிழில் சொல்ல ஒருவர் இருந்தால் அவர்களுக்கு அது பாதி மருந்து.

தமிழ் வளர்க்கும் மன்றம் மலையாளம் கற்கச் சொல்வதா என்று சிலர் கேட்கலாம். மலையாளம் அறிந்த மாணவன் வாயிலாகத்தானே அந்தப் பாட்டியின் காதில் தமிழ் விழும்? இதைவிடத் தமிழுக்குச் செய்யும் தொண்டு வேறென்ன?

மருத்துவமனையாரின் இசைவைப் பெற்று, வாரம் ஒரு பிற்பகல், முறைக்கு இருவராகச் செல்வோம். பதாகை வேண்டா, படம் பிடிக்க வேண்டா. மருத்துவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துச் சொன்னாற் போதும். அதற்கு முன், மாலையில் அரைமணி நேரம் மலையாள வகுப்பு ஒன்றை மன்றம் தொடங்கட்டும். இவ்வாண்டு முத்தமிழ் விழாவுக்கு ஒதுக்கும் பொழுதில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.